பழைய ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? ஒரு பாட்டைக் கேட்டு மட்டும் முடிவு பண்ணாதீங்க!

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய வீடு. அப்பார்ட்மென்ட் கட்டுவதற்காகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். "ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருக்காம், வேணும்னா போய்ப் பாரு" என்று நண்பர் சொல்ல, அன்று சாயங்காலமே போய் நின்றேன்.

பார்த்ததுமே பிடித்துவிட்டது. மர உறை போட்ட பெட்டி. கீழே 8 இன்ச் வூஃபர், மேலே சின்னதாக ட்வீட்டர், பின்பக்கம் 8 ஓம் என்று எழுதிய தகடு, அதற்குக் கீழே ஒரு குமிழ். அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். "எங்க வீட்டுக்காரர் ஆசை ஆசையா வாங்கினதுப்பா. கடைசி மூணு நாலு வருஷம் போடறதையே நிறுத்திட்டார். 'பாட்டு முன்ன மாதிரி இல்ல, எனக்குக் காது மந்தமாயிடுச்சு போல'ன்னு சொல்லிட்டே இருப்பார்" என்றார்.

அவர்களுடைய ஆம்ப்ளிஃபையரிலேயே என் போனிலிருந்து ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தேன. பேஸ் கும்மென்று வந்தது. குரலும் வந்தது. இடது, வலது இரண்டும் ஒரே மாதிரி கேட்டன. 6,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, எனக்கு நன்றாகப் பழக்கமான பாட்டைப் போட்டபோதுதான் உறைத்தது. ஜால்ராவின் 'ஜில்' இல்லை. தபேலாவில் விரல் படுகிற 'டக்' இல்லை. 'ஸ', 'ச' எல்லாம் மழுங்கிப்போய், யாரோ ஸ்பீக்கர் மேல் கம்பளி போர்த்திய மாதிரி இருந்தது. மறுநாள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கிற பாயிடம் போனேன்.

அவர் பாட்டே போடச் சொல்லவில்லை. முதல் பெட்டியின் பின்னால் இருந்த குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துத் தடவை திருகினார். ஓட விட்டதும் 'கரகர' என்று சத்தம். அப்புறம் ஜால்ரா பளிச்சென்று வந்துவிட்டது. இரண்டாவது பெட்டியில் அதே வைத்தியம் பலிக்கவில்லை. நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, ட்வீட்டரை வெளியே எடுத்து மல்டிமீட்டரை வைத்தார். முள் அசையவே இல்லை.

"இது போச்சு சார். அது துருதான். ரெண்டும் ஒரே மாதிரி மந்தமா இருந்ததால உங்களுக்கு வித்தியாசம் தெரியல. ஸ்பீக்கர்ல ஒண்ணு கெட்டா சத்தம் நின்னுடாது சார், மிச்சத்தை வெச்சுப் பாடிட்டேதான் இருக்கும். அதனாலதான் வாங்குறவங்க மாட்டிக்கிறாங்க."

பத்து நிமிட வேலை. அதை வாங்குவதற்கு முன்னால் நானே செய்திருக்கலாம். பழைய ஸ்பீக்கர் வாங்கும் ஆசையில் இருக்கிறவர்களும், வீட்டுப் பரணில் அப்பாவின் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு 'தூக்கிப் போடலாமா' என்று யோசிக்கிறவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டிக்குள் என்னதான் இருக்கு?

நாம் ஸ்பீக்கர் என்று சொல்வது பெரும்பாலும் பெட்டியைத்தான். உள்ளே சத்தம் போடுகிற உறுப்புக்கு டிரைவர் என்று பெயர். இரண்டு டிரைவர் உள்ள பெட்டியில் வூஃபர் கீழ்ச்சத்தத்தையும் நடுச்சத்தத்தையும் கொடுக்கும். ட்வீட்டர் மேல்சத்தத்தைக் கொடுக்கும். மூன்று டிரைவர் உள்ள பெட்டியில் நடுச்சத்தத்துக்குத் தனியாக ஒன்று இருக்கும். எந்தச் சத்தம் எந்த டிரைவருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் சின்ன சர்க்யூட்டுக்கு கிராஸ் ஓவர் என்று பெயர்.

டிரைவரின் அடிப்படை அமைப்பு நூறு வருஷமாகப் பெரிதாக மாறவில்லை. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் 1925-ல் வெளியிட்ட வடிவம்தான் இன்றும் நம் வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஒரு காந்தம். அதன் மெல்லிய இடைவெளிக்குள் மிதக்கிற கம்பிச் சுருள். இதுதான் வாய்ஸ் காயில். சுருளோடு ஒட்டிய கோன். கோனின் விளிம்பைச் சட்டத்தோடு சேர்க்கிற வளையம், சரவுண்ட். பின்புறம் சுருளை நடுவிலேயே பிடித்து வைக்கிற மடிப்புத் துணி, ஸ்பைடர். கரன்ட் வந்தால் சுருள் முன்னும் பின்னும் ஆடும். கோன் காற்றைத் தள்ளும். நமக்குப் பாட்டு கேட்கும்.

ஆக, டிரைவர் கெடுவது என்றால் பெரும்பாலும் நாலே வகைதான். சுருள் அறுந்துபோவது, சுருள் காந்தத்தில் உரசுவது, சரவுண்ட் மக்கிப்போவது, கோன் கிழிவது. எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், வாங்கலாமா, பேரம் பேசலாமா, விட்டுவிடலாமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் கண்

முன்பக்கத் துணி மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற விடமாட்டேன் என்று விற்கிறவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

முதலில் சரவுண்டைப் பாருங்கள். ரப்பர், துணி, ஃபோம் என்று மூன்று வகை உண்டு. ரப்பரும் துணியும் நீண்ட நாள் தாங்கும். ஃபோம்தான் பிரச்னை. பாலியூரிதேன் ஃபோம், காற்றில் இருக்கிற ஈரத்தாலேயே மெல்ல மெல்ல உடைந்துபோகும். ஸ்பீக்கரைப் போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். 'யூஸே பண்ணலை சார், புதுசு மாதிரி' என்பதெல்லாம் ஃபோமுக்குச் செல்லாது. மெரினா பக்கத்திலேயே இருக்கிற ராயப்பேட்டை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளில் வருஷம் முழுக்க ஈரக்காற்றுதானே! விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, பிஸ்கட் மாதிரி உதிர்ந்தாலோ அது முடிந்துபோன சரவுண்ட். பயப்பட வேண்டாம், இது மாற்றக்கூடியது. ஆனால், அந்த நிலையில் சத்தமாகப் பாட்டுப் போட்டால் கோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுருளையும் கெடுத்துவிடும். அதனால், உதிர்ந்த ஃபோமோடு இருக்கிற ஸ்பீக்கரை 'ஓட்டிக் காட்டுங்க' என்று கேட்காதீர்கள்.

அடுத்து, நடுவில் இருக்கிற குமிழி மூடி. வூஃபரில் அது நசுங்கியிருந்தால் பெரும்பாலும் அழகுக் குறைதான். ட்வீட்டரின் குமிழி அப்படியல்ல, அதுவேதான் சத்தம் போடுகிற பாகம். பட்டுத்துணி வகை என்றால் நசுங்கியதை நிமிர்த்த வாய்ப்பு உண்டு. உலோக வகையில் மடிப்பு விழுந்தால் அது போகாது.

ஸ்க்ரூக்களையும் கவனியுங்கள். தலை தேய்ந்து, சுற்றிலும் பெயின்ட் பெயர்ந்திருந்தால் யாரோ ஏற்கெனவே கழற்றியிருக்கிறார்கள். இரண்டு பெட்டியிலும் ஒரே வூஃபர்தானா, நிறமும் கோனின் பளபளப்பும் ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெட்டியைச் சாய்த்து அடிப்பாகத்தைப் பார்க்க மறக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ தரைத்தளங்களுக்குள் தண்ணீர் வந்தது. மரத்தூள் பலகையில் செய்த பெட்டி தண்ணீரில் நின்றிருந்தால் அடி விளிம்பு உப்பியிருக்கும். அப்படியென்றால் உள்ளே காந்தத்தின் இடைவெளியிலும் துரு ஏறியிருக்கலாம். கடைசியாக, காற்றுத் துளை இருக்கிற பெட்டி என்றால் போன் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். கரப்பான், பல்லி முட்டை, எலி கடித்த ஒயர் என்று நம்ம ஊரில் என்ன வேண்டுமானாலும் இருக்கும்! அந்தத் துளையில் மூக்கை வைத்து முகர்ந்தும் பாருங்கள். கருகிய வாடை வந்தால் சுருள் சூடேறி எரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் கை

ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, வூஃபரின் நடு மூடியைச் சுற்றி இரண்டு கை விரல்களையும் சம தூரத்தில் வையுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில், மூன்று நாலு மில்லி மீட்டர் மட்டும் மெதுவாக உள்ளே தள்ளுங்கள். சத்தமில்லாமல் போய், சத்தமில்லாமல் திரும்ப வேண்டும்.

'கரகர' என்று மணல் தேய்க்கிற மாதிரி கேட்டால், சுருள் காந்தத்தில் உரசுகிறது. அசையவே இல்லையென்றால் சுருள் வீங்கியோ, காந்தம் நகர்ந்தோ இறுகியிருக்கிறது. பெட்டி கீழே விழுந்தாலோ, பார்சலில் இடிபட்டாலோ கனமான காந்தம் இடம் மாறுவது உண்டு. வெளியூரிலிருந்து பஸ் பார்சலில் ஸ்பீக்கர் வரவழைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே பக்கமாக அழுத்தினால் நல்ல டிரைவரும் உரசத்தான் செய்யும். அதை வைத்து விற்கிறவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ட்வீட்டரை மட்டும் விரலால் தொடவே வேண்டாம்.

சுவர்க் கடிகார செல் ஒன்று போதும்

கரன்ட் இல்லாத வீட்டில்கூடச் செய்யக்கூடிய டெஸ்ட் இது. கடிகாரத்தில் போடுகிற 1.5 வோல்ட் செல்லும், இரண்டு துண்டு ஒயரும் போதும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும், மைனஸ்ஸைக் கறுப்பிலும் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். 'டப்' என்ற சத்தத்தோடு வூஃபர் லேசாக முன்னால் வந்து திரும்ப வேண்டும். ஒன்று முன்னாலும் இன்னொன்று பின்னாலும் போனால், யாரோ உள்ளே ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். இது ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் கோளாறு. சத்தமே இல்லை என்றால் சுருளோ, அதற்குப் போகிற மெல்லிய பின்னல் ஒயரோ அறுந்திருக்கிறது.

9 வோல்ட் பேட்டரியை வைத்து இதைச் செய்யாதீர்கள். செல்லைப் பிடித்துக்கொண்டே நிற்கவும் வேண்டாம்.

மல்டிமீட்டர் சொல்வதும், சொல்லாததும்

மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஆம்ப்ளிஃபையரோடு சேராத ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் வையுங்கள். 8 ஓம் என்று எழுதியிருந்தால் மீட்டர் சுமார் 5.5-லிருந்து 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3-லிருந்து 3.8 வரை. 'எட்டுன்னு போட்டிருக்கு, ஆறுதான் காட்டுது' என்று பதற வேண்டாம். தகட்டில் இருப்பது பாட்டு ஓடும்போது ஆம்ப்ளிஃபையர் சந்திக்கிற தடை. மீட்டர் காட்டுவது வெறும் கம்பியின் தடை. அது எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

மீட்டரின் முள் நகரவில்லை, அல்லது டிஜிட்டல் மீட்டரில் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நிற்கிறது என்றால் சுருள் அறுந்துவிட்டது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் சுருள் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அதை ஆம்ப்ளிஃபையரில் மாட்டினால் ஆம்ப்ளிஃபையருக்கும் ஆபத்து.

பலரும் ஏமாறுகிற இடம் இனிமேல்தான். பெட்டியின் பின்முனையில் மீட்டரை வைத்தால், அது பார்ப்பது வூஃபரை மட்டும்தான். ட்வீட்டருக்கு முன்னால் கிராஸ் ஓவரில் ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும். மீட்டர் அனுப்புகிற கரன்ட்டும் சரி, செல்லின் கரன்ட்டும் சரி, அதைத் தாண்டிப் போகாது. ட்வீட்டர் செத்துக் கிடந்தாலும் மீட்டர் '6 ஓம், எல்லாம் நல்லா இருக்கு' என்றுதான் சொல்லும். ட்வீட்டரைச் சோதிக்க ஒரே நம்பகமான வழி, அதைக் கழற்றி, ஒரு ஒயரைப் பிரித்துவிட்டு, அதன் முனைகளிலேயே மீட்டரை வைப்பதுதான். பாய் செய்ததும் அதைத்தான்.

கழற்ற அனுமதி இல்லையா? அப்போது காதுதான் துணை.

கடைசியில் காது... ஆனால் பாட்டு வேண்டாம்

பாட்டில் எல்லாச் சத்தமும் கலந்திருக்கும். ஒன்று குறைந்தால் மூளை அதை நிரப்பிக்கொள்ளும். ரெண்டு நாளில் காது பழகியும்விடும். அதனால், எந்தப் பக்கமும் சாயாத சத்தம் ஒன்று வேண்டும். நம்ம வீட்டு எஃப்.எம் ரேடியோவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வருமே 'இஷ்ஷ்ஷ்' என்ற இரைச்சல், அது அருமையான டெஸ்ட். கீழ்ச்சத்தத்திலிருந்து மேல்சத்தம் வரை எல்லாம் அதில் இருக்கிறது.

வால்யூமைக் குறைவாக வைத்து, ஒரு நியூஸ் பேப்பரைக் குழாயாகச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு டிரைவருக்கும் பக்கத்தில் கொண்டு போங்கள். வூஃபரில் 'ஹோ' என்று கேட்கும். ட்வீட்டருக்குப் போனதும் 'ஸ்ஸ்' என்று கூர்மையாக மாற வேண்டும். மாறவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை. நான் செய்திருக்க வேண்டிய டெஸ்ட் இதுதான். இடதையும் வலதையும் ஒப்பிட்டது தப்பில்லை, ஆனால் இரண்டுமே கெட்டிருந்தால் அந்த ஒப்பீடு ஒன்றும் சொல்லாது. ஒரே பெட்டிக்குள் கீழ் டிரைவரையும் மேல் டிரைவரையும் ஒப்பிட்டிருந்தால் அன்றே பிடித்திருப்பேன்.

போனில் டோன் ஜெனரேட்டர் என்று தேடினால் இலவச ஆப்கள் கிடைக்கும. 40 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 200 வரை மெதுவாக ஏற்றுங்கள். வூஃபர் வழவழவென்று ஒரே 'ம்ம்ம்' ஆக ஏற வேண்டும். ஏதோ ஓர் இடத்தில் 'டர்ர்' என்று அதிர்ந்தால் உடனே டிரைவரைக் குற்றம் சொல்லாதீர்கள். முன்மூடியையும், மேலே வைத்த பொருள்களையும், பின்முனை நட்டையும் கையால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் நின்றால் அது வெறும் லூஸ். நிற்கவில்லை என்றால், கோன் ஒட்டு விட்டிருக்கிறது அல்லது சுருள் உரசுகிறது.

ட்வீட்டருக்கு 6,000-லிருந்து 10,000 ஹெர்ட்ஸ் போதும். 15,000-க்கு மேல் போய், 'கேட்கலையே' என்று கவலைப்படாதீர்கள். வயது ஏற ஏற நம்ம காதுக்கே அது கேட்காது. இந்த டோன்களை ஒருபோதும் சத்தமாக வைக்காதீர்கள். தொடர்ந்து வருகிற ஒற்றைச் சத்தம், நல்ல ட்வீட்டரையே எரித்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் கோளாறு என்றால், ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றி மாட்டுங்கள். கோளாறு பெட்டியோடு சேர்ந்து மறுபக்கம் போனால் ஸ்பீக்கர் பிரச்னை. அதே பக்கம் நின்றால் ஆம்ப்ளிஃபையரிலோ ஒயரிலோ பிரச்னை.

அறிகுறி ஒண்ணு, காரணம் ரெண்டு

ட்வீட்டரிலிருந்து சத்தம் வரவில்லை என்றதும் 'செத்துடுச்சு' என்று முடிவு கட்ட வேண்டாம். என் ஜோடியில் ஒன்றுக்கு ட்வீட்டரே போயிருந்தது. இன்னொன்றில் குமிழுக்குள் உப்புக்காற்றால் ஏறிய துரு மட்டும்தான். 1970, 80-களில் வந்த பல ஸ்பீக்கர்களில் மேல்சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இப்படி ஒரு குமிழ் இருக்கும். வருஷக்கணக்கில் யாரும் திருப்பாமல் விட்டால் உள்ளே தொடர்பு விட்டுப்போகும்.

குமிழ் இல்லாத பெட்டி என்றால், கழற்றிய ட்வீட்டர் மீட்டரில் 5, 6 ஓம் சரியாகக் காட்டியும் பெட்டிக்குள் மெலிதாகத்தான் பாடுகிறதா? கிராஸ் ஓவரில் இருக்கிற பழைய கெப்பாசிட்டர் சக்தி இழந்திருக்கலாம். அதை மாற்றுவது சின்ன வேலை. இன்னொரு காரணமும் உண்டு. பல ட்வீட்டர்களில் சுருளைச் சுற்றி ஃபெர்ரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவம் இருக்கும். 1960-களில் நாசாவில் ராக்கெட் எரிபொருளுக்காக யோசிக்கப்பட்டது, பின்னாளில் ட்வீட்டரின் சூட்டைத் தணிக்க வந்துசேர்ந்தது. வருஷங்கள் போனால் அது காய்ந்து கோந்து மாதிரி இறுகும். சுருள் ஆட முடியாமல் சத்தம் மங்கும். சுத்தம் செய்து புதுத் திரவம் விட்டால் ட்வீட்டர் பிழைத்துக்கொள்ளும்.

ஏன் செத்தது? அதையும் கேளுங்க

டிரைவரை மாற்றிவிட்டு, அதைக் கொன்ற காரணத்தை விட்டுவிட்டால் புதுசும் போய்விடும்.

'பெரிய ஆம்ப்ளிஃபையர்தான் ஸ்பீக்கரை எரிக்கும்' என்று நினைக்கிறோம். சின்ன ஆம்ப்ளிஃபையரை ஃபுல் வால்யூமில் வைப்பதும் அதே வேலையைச் செய்யும். சக்திக்கு மீறிப் பாட வைத்தால் ஆம்ப்ளிஃபையர், சத்த அலையின் தலையை வெட்டி அனுப்பும். அந்த வெட்டுப்பட்ட அலையில் மேல்சத்தத்தின் பங்கு எக்கச்சக்கமாகக் கூடிவிடும். தலைமுடி மாதிரி மெல்லிய கம்பியால் சுற்றிய ட்வீட்டர் சுருள்தான் முதல் பலி. வீட்டில் நடந்த ஒரே ஒரு பிறந்தநாள் பார்ட்டி போதும்.

வூஃபர் கருகியிருந்தால் ஆம்ப்ளிஃபையரையே சந்தேகப்படுங்கள். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, மீட்டரை டி.சி மில்லிவோல்ட்டில் போட்டு, ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனைகளில் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் சர்வீஸுக்குக் கொடுங்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் அதில் எந்த ஸ்பீக்கரையும் மாட்டாதீர்கள். வூஃபர் பாட்டே இல்லாமல் ஹீட்டராகிவிடும்.

சரி பண்ணலாமா, விட்டுடலாமா?

ராயப்பேட்டைக்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். அண்ணா சாலையைத் தாண்டினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு. கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று வருஷம் முழுக்க மைக் செட் ஓடுகிற ஊரில் கோன் கட்டத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

ஃபோம் மட்டும் போயிருந்தால் தைரியமாக வாங்கலாம். ஆனால், விலையைக் குறைத்துக் கேளுங்கள். சரவுண்ட் வாங்கும்போது '8 இன்ச்' என்று மட்டும் சொன்னால் பொருந்தாது. கோனின் வெளி விட்டம், சட்டத்தின் உள் விட்டம் இரண்டையும் அளந்துகொண்டு போங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

சுருள் அறுந்த வூஃபரைப் புதுக் கோன் போட்டுக் கட்டலாம். ஆனால், கோனின் எடை மாறினால் குணமும் மாறிவிடும். கட்டின வூஃபர் பழைய வூஃபர் மாதிரியே பாடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ட்வீட்டர் போயிருந்தால் அதே மாடலுக்கான டயஃப்ரம் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிடைத்த பிறகு விலை பேசுங்கள்.

ஒன்றே ஒன்று செய்யாதீர்கள். பக்கத்திலேயே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது, கார் ஸ்பீக்கர் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கி வீட்டுப் பெட்டியில் மாட்டிவிடாதீர்கள். கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். 8 ஓமுக்குச் செய்த கிராஸ் ஓவரும் அதோடு ஒத்துப்போகாது, பழைய ஆம்ப்ளிஃபையரும் சூடாகித் திணறும்.

கிளம்பும் முன் பைக்குள் போட்டுக்கொள்ள...

* ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர்
* 1.5 வோல்ட் செல், இரண்டு துண்டு ஒயர்
* சாதாரண மல்டிமீட்டர்
* டார்ச்சும் டோன் ஆப்பும் உள்ள போன், அதை ஆம்ப்ளிஃபையரில் மாட்ட ஒரு ஒயர்
* சுருட்ட ஒரு பழைய நியூஸ் பேப்பர்

இவ்வளவுதான். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

என் கதையில் ஏமாற்றியவர் என்று யாருமில்லை. விற்ற அம்மாவுக்கும் தெரியாது, வாங்கின எனக்கும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து அதே மாடல் டயஃப்ரம் ஒன்றைப் பாய் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் ஆனது. அன்று ராத்திரி ஜால்ரா, வயலின் கம்பி, பாடகர் மூச்சு எடுப்பது எல்லாம் கேட்டது.

அந்த அம்மாவுக்கு போன் செய்தேன். "அம்மா, ரெண்டு பெட்டியிலும் மேல்சத்தம் வர்ற பாகமே வேலை செய்யாம இருந்திருக்கு. எவ்வளவு வருஷமோ தெரியல. சார் சொன்னது சரிதான். பாட்டு முன்ன மாதிரி இல்லாமத்தான் இருந்திருக்கு."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ அவர் காது நல்லாத்தான் இருந்துதாப்பா?"